நாற்பது நிமிடக் கூட்டல்

கிரிமெட்டிய தோட்டத்தில் யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் அதோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். டிஸ்பென்சரிக்கு டொக்டர் பத்து மணிக்கு வருவார் என்றால் பன்னிரண்டு. சங்கத் தலைவர் கூட்டம் மூன்று மணிக்கு என்றால் ஐந்து. தலைவர் மந்திரியையும் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றால் சோற்றை ஆக்கி வைத்துவிட்டுப் போகலாம். கூட்டல் இல்லாதது கல்யாண முகூர்த்தம் ஒன்றுதான். ஐயர் பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் என்றால் அதற்கும் உண்டு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போன தாய் எப்போது வருவாள் என்று அழும் குழந்தைக்கே அது தெரியும்.

காலை ரயிலுக்குக் கூட்டல் நாற்பது நிமிடம். அட்டவணைப்படி எட்டு ஐம்பத்தெட்டுக்கு அது கிரிமெட்டிய ஸ்டேஷனுக்கு வர வேண்டும். பதுளையில் புறப்படும் ரயில். விடிய நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மனிதன் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும் தூரம். அதற்குள் நாற்பது நிமிடத்தை எங்கே தொலைக்கிறது என்று கேட்டால் தண்டவாளத்தில் மாடு, சரிந்த மண், பனி, வாசலில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ரயில் ஒன்றும் சொல்லாது.

மேல்பிரிவு லயங்களில், அந்த வரிசைக் குடியிருப்புகளில், இந்தக் கணக்குக்கு முருகையாதான் கடைசித் தீர்ப்பு. ஐம்பத்து நான்கு வயது. கவ்வாத்துக்காரர், வயதான தேயிலைச் செடிகளை முழங்காலளவுக்கு வெட்டிக் குறைப்பது வேலை. இருபத்தாறு வருடமாக ரயில் பாதைக்கு மேலே உள்ள மலைகளில் கத்தியோடு நின்றவர். பனி என்றால் நாற்பதோடு பத்து, வெள்ளிக்கிழமை என்றால் ஐந்து, நீண்ட லீவு என்றால் பதினைந்து. இதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது ஒரு சர்வகலாசாலையே எழுந்து நிற்பது போலிருக்கும். கடைசியாக அவர் ரயிலில் ஏறியது பதினோரு வருடத்துக்கு முன்பு என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

பக்கத்து ஊரான எல்லவைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம் வழிந்து வழிந்து கிரிமெட்டியவிலும் இறங்கத் தொடங்கியபின் அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கும் யோகம் அடித்தது. பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. ஆகவே ஒரு டிஜிட்டல் போர்டு வைப்பது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. நான்கு ஆள் நீளம், சிவப்பு எழுத்து, மூன்று மொழி. திறந்து வைக்க ஒரு பிரதி அமைச்சர் வந்தார். நேரத்தின் அருமையைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். வந்தது இரண்டேகால் மணி நேரம் பிந்தி; அதைக் கூட்டல் தெரிந்த ஜனங்கள் சரியாகவே எதிர்பார்த்திருந்தார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பிரதி அமைச்சரும் போர்டும் பின்னால் மலையும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று படப்பிடிப்பாளர் சொன்னபடி, போர்டைக் கூரைமேல் பள்ளத்தாக்கைப் பார்க்கத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். படம் நன்றாக வந்தது. பயணிகள்தான் அதன்பிறகு போர்டைப் பார்ப்பதற்குப் பிளாட்பாரத்து ஓரத்துக்குப் போய்க் கழுத்தை முறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மேல்பிரிவு ஏழாம் நம்பர் லயத்து வாசல்களிலிருந்து பார்த்தால் அது பட்டப்பகலில் ஏற்றிய கார்த்திகை விளக்குப் போல நேராகத் தெரிந்தது. பனி இறங்கும் காலைகளில் ஸ்டேஷன் மறைந்துவிடும், கூரை மறைந்துவிடும், மலையும் போய்விடும். சிவப்பு எழுத்துகள் மட்டும் வெள்ளைக்குள் தனியே மிதக்கும். முதலில் சிங்களம், பிறகு இங்கிலீஷ், பிறகு தமிழ். பெண்கள் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகிற வழியில் சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் நின்று, வானத்தில் எழுதியதைப் படிப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போர்டு இரண்டு மாதம் அட்டவணையிலிருந்த எட்டு ஐம்பத்தெட்டையே காட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் நாற்பதைக் கூட்டிக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் முருகையா ஸ்டேஷன் வாசலில் ஸரூக் நானாவின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மகள் விதுஷா கொழும்புக்குப் போகிறாள். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு தாதிமார் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு. ‘பிந்தி வருவோர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படமாட்டார்கள்’ என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். இதை விட்டால் பிள்ளைக் காம்பராவில் மற்றவர்களின் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பெரகலைக்குக் கீழே மண் சரிந்து றோட்டு மூடிக் கிடந்ததால் பஸ்ஸும் இல்லை. இருப்பது காலை ரயில் ஒன்று.

“முருகையாண்ணே, இனி ஒங்கட நாப்பது நிமிசக் கணக்கு சரி வராது” என்றார் ஸரூக், தேத்தண்ணியை உயர்த்தி ஆற்றியபடி. “திங்கக்கிழம ஒரு இன்ஜினியர் வந்து போர்ட்ட அப்கிரேட் பண்ணிட்டுப் போன. கோச்சில ஒரு பெட்டி பூட்டீக்காம். மேல வானத்துல ஈந்து செட்டலைட் பாக்குதாம். கோச்சி எங்க நிக்கிதோ அதப் பாத்து வார நேரத்தயே போடுது. நேத்தும் போட்ட நேரத்துக்கே வந்த, இண்டைக்கும் வந்த.”

“ரெண்டு நாளைக்கு வரும் நானா. புதுப் பொண்டாட்டி ரெண்டு நாளைக்கு அஞ்சு மணிக்கு எந்திரிக்கத்தான் செய்வா.”

“இதப் போய் ரெங்கம்மா அக்காட்டச் செல்லட்டா?”

“சொல்லுங்களேன். அவ என்னைக்கு எந்திரிச்சா, நாந்தான தேத்தண்ணி ஊத்துறேன்.”

“பகிடியில்ல மனிசன். புள்ளட விசயம். நாளைக்கு போர்ட்ல என்ன நேரம் ஈக்கோ அந்த நேரத்துக்கு இங்க நில்லுங்க.”

முருகையா பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, சீனிக்குப் பதிலாகக் கையில் வைத்திருந்த கருப்பட்டித் துண்டைக் கடித்தார். மேலே வானத்தைப் பார்த்தார். முழுதும் மேகம்.

“இந்த மேகத்துக்குள்ள அது என்னாத்த நானா பாக்கப் போவுது?” என்றார்.

ஸரூக்கும் அண்ணாந்து பார்த்தார்.

வியாழன் காலை லயம் முழுவதும் பனிக்குள் இருந்தது. மனைவி ரெங்கம்மா அன்றைக்குப் பேரும் கூலியும் வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போகாமல் நின்றுவிட்டாள். அடுப்பில் தேங்காய்ப்பூ ரொட்டி. அம்மியில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் நசுங்கும் சத்தம். விதுஷா வெள்ளைச் சட்டையையும் நீலப் பாவாடையையும் பிரயாணப் பையில் மடித்து வைத்துவிட்டு, கறுப்புப் பாவாடையில் ஈரத் தலையோடு வாசலுக்கு வந்து பள்ளத்தைப் பார்த்தாள். வெள்ளைக்குள் சிவப்பு எழுத்து மிதந்தது. 9.36.

“அப்பா, ஒம்போது முப்பத்தாறு போட்டிருக்கு. கெளம்புவோமா?”

முருகையா அவளுக்குப் பின்னால் வந்து நின்று கண்ணைச் சுருக்கினார். “எப்பவும் எட்டு அம்பத்தெட்டுல்ல போடுவான்? அப்ப நேரத்த மாத்திட்டானுங்க. ஒம்போது முப்பத்தாறோட நாப்பது. பனிக்கு ஒரு பத்து. பத்து இருவத்தாறுக்கு வரும். பத்தடிக்க பத்து நிமிசத்துக்குக் கெளம்புனா போதும்.”

“ஸரூக் நானா என்னமோ சொன்னாருன்னீங்களே.”

“நானாவுக்குத் தேத்தண்ணி ஆத்தத் தெரியும். கோச்சிய எனக்குத் தெரியும்.”

“ஏங்க,” உள்ளேயிருந்து ரெங்கம்மாவின் குரல் வந்தது, “சீக்கிரம் போய் ஒக்காந்திருந்தா என்னா கொறஞ்சா போயிருவீங்க?”

“அந்தப் பிளாட்பாரத்துல பனிக்குள்ள ஒரு மணி நேரம் நின்னு சளி புடிச்சிக்கிட்டு, நாளைக்கு அங்க போய் அந்தப் பெரிய ஆளுங்க மூஞ்சில தும்முவாளா? நர்சு வேலைக்குப் போற புள்ள தும்மலாமா? உள்ள வா விது. சூடா ரொட்டி தின்னு.”

அவர் சொன்னதில் கணக்கு பாதிதான். மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. மூத்தவன் சதீஸ்குமார் வத்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் நாலு வருடமாகிறது. தீபாவளிக்கு வருவான், சில தீபாவளிக்கு வரமாட்டான். இவளும் இன்று போகிறாள். ஐம்பது நிமிடம் கூடுதலாகக் கிடைத்தால் எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்?

மூன்று பேரும் அடுப்படியில் குந்தி ரொட்டி தின்றார்கள். கட்டச் சம்பல் உறைத்து விதுஷாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. ரெங்கம்மா அவள் தலையைத் துவட்டி, சீவி, பின்னலை இறுக்கிக் கட்டினாள். புகை பனியோடு சேர்ந்து கூரைக்குக் கீழே நின்றது. அப்பா சின்ன வயதில் ரயில் எண்ணச் சொல்லிக் கொடுத்ததை விதுஷா சொல்லிச் சிரித்தாள்: ஏழு பெட்டி என்றால் நல்ல நாள், எட்டென்றால் பள்ளிக்கூடத்தில் அடி.

“அப்ப இன்னைக்கு எத்தனன்னு எண்ணிப் பாரு” என்றார் முருகையா.

நேரம் அந்த அடுப்படிக்குள் வர வழி தெரியாமல் வெளியே நின்றது போலிருந்தது.

பிறகு ஹோர்ன் கேட்டது.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். பனி கொஞ்சம் கிழிந்திருந்தது. கிழிசல் வழியே பிளாட்பாரம் தெரிந்தது. நீல நிறத்தில் நீளமாக ஒன்று வந்து நின்றுகொண்டிருந்தது.

“எண்ணெ கோச்சி” என்றார் முருகையா.

“எண்ணெ கோச்சியில ஜன்னல் இருக்குமாங்க?” என்றாள் ரெங்கம்மா.

“ஸ்பெஷலா இருக்கும். வெள்ளக்காரனுக்கு விட்டிருப்பான்.”

பிளாட்பாரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன உருவம் தலைத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பெரிதாக ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆட்டும். பிறகு ரயிலைக் காட்டும். பிறகு மறுபடி ஆட்டும்.

“நானா யாருக்கோ கை காட்டுறாரு” என்றார் முருகையா. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“நமக்குத்தாங்க.”

ஹோர்ன் இன்னொரு முறை கேட்டது. நீல நிறம் மெதுவாக, மிக மெதுவாக, பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்து பனிக்குள் ஒவ்வொரு பெட்டியாகப் போயிற்று. மேலே சிவப்பு எழுத்து அணைந்து, மறுபடி ஒளிர்ந்து, மத்தியானம் பதுளைப் பக்கம் போகும் ரயிலின் நேரத்தைக் காட்டத் தொடங்கியது. மேலிடம் ஒருமுறை உண்மையைச் சொல்லியிருந்தது. அதற்கு ஏழாம் நம்பர் லயத்தில் யாரும் தயாராக இருக்கவில்லை.

விதுஷா அழவில்லை. “ஏழு பெட்டி” என்று மட்டும் சொன்னாள்.

முருகையா அவளைப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலிருந்து ரயில் இடது கைப்பக்கமாகத் திரும்பும். மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். இரண்டு குகை, ஒரு கல்பாலம். கடைசியில் இந்த லயத்துக்கு மேலே, பன்னிரண்டாம் நம்பர் மலையின் முதுகில் இருக்கும் மேல் ஸ்டேஷனில் ஏறி நிற்கும். ரயில் சுற்ற வேண்டும். மனிதன் ஏறினால் போதும்.

“பைய எடு” என்றார்.

பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் ஓடினார். லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம், கோயில் பாறை, அதற்கப்பால் தேயிலை. படிக்கட்டு என்று பெயர். தொரைமார் காலத்தில் போட்ட கருங்கல், பாதி மண்ணுக்குள் போயிருந்தது. பனி ஆளை விழுங்கிற்று. ஒரு கையெட்டும் தூரத்துக்கு அப்பால் அப்பாவின் முதுகு கூட விதுஷாவுக்கு ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. நிழலின் தலையில் ஒரு பை.

“என்னாலதான்” என்றது நிழல், மூச்சுக்கு நடுவில்.

“பேசாம ஏறுங்கப்பா.”

“ஸரூக் சொன்னாரு. நான்...”

“ஏறுங்கன்னா.”

கீழே எங்கோ இடது பக்கத்தில் ரயிலின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் இல்லாமல் போயிற்று, குகை. பிறகு வலது பக்கத்தில், முன்னை விடத் தூரத்தில், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது. ரயில் நின்ற இடத்தில் நிற்க, மலைதான் அவர்களையும் தூக்கிக்கொண்டு மெல்லச் சுற்றுகிறது என்று விதுஷாவுக்குத் தோன்றிற்று. கால் தானாக ஏறியது. தேயிலைக் கொப்புகளிலிருந்து ஈரம் சொட்டியது. எவ்வளவு நேரமாக ஏறுகிறோம் என்பது தெரியவில்லை. ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஐந்து வயதிலிருந்தும் இருக்கலாம்.

அப்போது கோயில் பாறையிலிருந்து ரெங்கம்மாவின் குரல் மலையில் முட்டி எழுந்து வந்தது.

“ஃபைலு! விது! ஃபைல கட்டில்ல வச்சிட்டுப் போயிட்டியே!”

விதுஷா நின்றுவிட்டாள். மஞ்சள் ஃபைல். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, அந்தக் கடிதம். ரெங்கம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. பாறைக்கு மேல் அவளால் ஏற முடியாது. திரும்பி இறங்கினால் ரயில் இல்லை. இறங்காவிட்டால் ரயிலில் போய்ப் பயனில்லை.

“நீங்க ஏறுங்க!” பனிக்குள்ளிருந்து இன்னொரு குரல். எட்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பூவாயி. “அக்கா, அத இங்க குடுங்க! ஏய் செவனம்மா, கைய நீட்டு!”

நிரையில் நின்ற பெண்கள் யாரையும் பார்க்க முடியவில்லை. குரல்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வந்தன.

“என்னாடி இது?”

“முருகையா மக ஃபைலு. மேல குடு.”

“நனையாம புடிடி, சர்டிபிகேட்டு.”

“கோச்சிய விட்டுட்டாங்களாம்.”

“முருகையா அண்ணனா? கோச்சியவா?” நிரை முழுவதும் சிரிப்பு ஓடியது. “அவருதான நமக்கெல்லாம் டைம் சொல்றவரு!”

“யார்ரா அது மலைக்குள்ள சத்தம்?” கங்காணியின் அதட்டல்.

“கொழுந்துதாங்க பேசுது!”

திரும்பிப் பார்த்தபோது விதுஷா அதைக் கண்டாள். பச்சை மட்டத்துக்கு மேலே, வெள்ளைக்குள், ஒரு மஞ்சள் சதுரம் தானாக மிதந்து மலையேறிக்கொண்டிருந்தது. ஒரு நொடி நிற்கும், கொஞ்சம் பக்கவாட்டில் போகும், மறுபடி ஏறும். அவர்களை விட வேகமாகப் போயிற்று. எட்டாம் நம்பர் முடிகிற வாய்க்காலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, முகம் தெரியாத ஒரு கை, தேயிலை மிளாறுக் குச்சி கீறிய கறுத்த விரல்கள், பனிக்குள்ளிருந்து நீண்டு ஃபைலைக் கொடுத்தது.

“நல்லபடியா போய்ட்டு வா கண்ணு” என்றது கைக்குரியவளின் குரல். யாரென்று விதுஷாவுக்குத் தெரியவில்லை.

மேல் ஸ்டேஷனில் பனி இல்லை. வெயில் அடித்தது. கீழே பள்ளத்தாக்கு முழுதும் வெள்ளையாய்த் தளும்பியது. அதன் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுலாக்காரர்கள் ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முழங்கால்வரை சேறும் தலையில் பையுமாக முருகையா பிளாட்பாரத்தில் ஏறியதும் ஒரு வெள்ளைக்காரப் பெண் நெஞ்சில் கை வைத்து உருகிப்போய் அவரையும் நாலு படம் எடுத்தாள்.

இங்கேயும் கூரையில் ஒரு போர்டு. இது யாருக்கும் படம் தேவைப்படாத காலத்தில் பூட்டியது போலும். பயணிகளைப் பார்த்தே இருந்தது. 10.19. பக்கத்தில் கடிகாரம். 10.11.

விதுஷா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தபோது அப்பா போர்டுக்குக் கீழே அண்ணாந்து நின்றார். உதடு அசைந்தது. பத்துப் பத்தொன்பது. அதோடு... கை விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கி, பாதியில் நின்றன.

“எட்டு நிமிசம் இருக்கு” என்றார். “எட்டு நிமிசந்தான். அவ்வளவுதான். கூடவும் இல்ல.” பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார், நிஜமாகவே தெரியாதவராக: “எட்டு நிமிசத்துல என்னா செய்யிறது?”

“ஒக்காருங்கப்பா.”

அவர் உட்கார்ந்தார். அவள் அதே வாங்குப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வலது குதிகாலுக்கு மேலே ஒரு அட்டை, ரத்தம் குடித்துத் திராட்சைப்பழம் போலிருந்தது.

“கால நீட்டு.”

முருகையா மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து, சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரல் நுனியில் தொட்டு அட்டையின் மேல் வைத்தார். அது சுருண்டு விழுந்தது. விரலுக்கிடையில் இன்னொன்று. கெண்டைக்காலில் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகச் சுண்ணாம்பு வைத்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த அந்தக் கை அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று விதுஷாவுக்குத் தெரிந்திருந்தது; மறந்துபோயிருந்தது. ரத்தம் கசிந்த இடங்களில் வெற்றிலையைக் கிழித்து ஒட்டினார்.

“ஒங்க கால்ல?”

“என் ரத்தத்த அது குடிக்காது. கசக்கும்.”

“கோவமா இருக்கேன் ஒங்க மேல.”

“இரு.”

“கொழும்புக்குப் போயும் கோவமாத்தான் இருப்பேன்.”

“இரு புள்ள. போய்ச் சேந்து இரு.”

ரயில் வந்தது. கடிகாரத்தில் 10.21. முருகையாவின் முகம், இவ்வளவுக்கும் பிறகு, ஒரு கணம் விளக்குப்போட்டது போல ஆயிற்று. மகளின் பையைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டே, “பாத்தியா, ரெண்டு நிமிசம் பிந்தித்தான் வந்திருக்கு” என்றார்.

விதுஷா கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். ரயில் அந்தச் சிரிப்போடு போயிற்று.

சனிக்கிழமை அவள் திரும்பும் ரயில் பின்னேரம் நாலு மணிக்கு மேல்தான். முருகையா பன்னிரண்டரைக்கே ஸரூக்கின் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். போர்டு 4.05 என்றது. பிறகு 4.20. பிறகு 4.40. ஒவ்வொரு முறை மாறும்போதும் அவர் பிளாட்பாரத்து ஓரத்துக்குப் போய்க் கழுத்தை முறித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னயன் முருகையாண்ணே, இப்ப கழிக்கிற கணக்கா?” என்றார் ஸரூக். மூன்றாவது பிளேன்டீ. “மூணு மணித்தியாலத்தக் கழிச்சிட்டீங்களே.”

“ஊத்துங்க நானா. பேசாம ஊத்துங்க.”

“வியாழக்கிழம துண்ட ஆட்டி ஆட்டி எனக்குத் தோள்மூட்டு கழண்டு பொய்த்து. அதுக்கு யாரு மருந்து போடுற?”

“எம் மக நர்சாகி வந்து போடுவா.”

ரயில் 4.41க்கு வந்தது. விதுஷா இறங்கினாள். நீலப் பாவாடை கசங்கியிருந்தது. ஸரூக் கேட்காமலேயே நாலாவது கோப்பையை எடுத்துக் கழுவினார்.

“எட்டு மணிக்கே போய்ட்டேன்பா. அண்ணந்தான் கொண்டுபோய் விட்டிச்சு. ஒம்போது மணிக்குக் கேட்டப் பூட்டிட்டாங்க. ஒம்போதே காலுக்கு ஒரு புள்ள மொனராகலையிலருந்து அழுதுகிட்டு ஓடி வந்துச்சு. விடவே இல்ல.” தேத்தண்ணியை ஊதினாள். “கேள்வி கேக்குற பெரியவரு வந்தது பதினொன்னே காலுக்கு.”

அந்த மொனராகலைப் பெண் கடைக்குள் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

“அவருக்கு போர்டு கீர்டு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார் முருகையா.

“பெரிய ஆளுங்களுக்குச் செட்டலைட் பூட்ட ஏலாது அண்ணே” என்றார் ஸரூக். “என்ன செல்லிச்சாங்க மகள், முடிவு?”

“ரெண்டு கெழமையில கடிதம் வருமாம்.”

“அப்ப ஒரு மாசம்” என்றார் ஸரூக் உடனே, கையைத் துடைத்தபடி. செட்டலைட்டை நம்பிய மனிதர், தபாலுக்குக் கூட்டினார்.

முருகையா தலையை ஆட்டினார். “இல்ல நானா. ரெண்டு கெழமன்னா ரெண்டு கெழம.”

தோட்டத்துக் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அலுவலகமான கந்தோருக்கு வந்து, அங்கே யாருக்காவது நினைவு வந்தால் பெரட்டில் கொடுப்பார்கள். முருகையா பத்தாம் நாளிலிருந்தே வேலைக்குப் போகுமுன் கந்தோர்ப் படியில் போய் உட்கார்ந்தார். கிளாக்கர் ஐயா முதலில் அதட்டினார், பிறகு சிரித்தார், பிறகு பொறுக்க முடியாமல் தபால் பையைத் தினமும் அவர் முன்னாலேயே அவிழ்த்துக் கொட்டினார். அதனால் அந்த மாதம் லயத்தில் பலபேருக்குப் பழைய கடிதங்களெல்லாம் கிடைத்தன. ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை கிடைத்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். விதுஷாவின் கடிதம் முப்பத்தோராம் நாள் வந்தது. ஸரூக்கின் கணக்குக்கு ஒரு நாள் அதிகம். தெரிவாகியிருந்தாள். மூன்று வருடப் பயிற்சி, தங்குமிடத்தோடு.

அவள் போகிற நாளும் பனியாகத்தான் இருந்தது. இந்த முறை றோட்டு வழியாக, கொங்கிரீட் படியில் நிதானமாக இறங்கி, மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு ஏழரை மணிக்கே வந்துவிட்டார்கள். ரெங்கம்மா ஸரூக்கின் கடைக்கு வெந்நீர் வாங்கப் போனாள். முருகையா பிளாட்பாரத்து ஓரத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். பனி கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. சிவப்பாக ஏதோ கரைந்து தெரிந்தது, எண் இல்லை.

“என்னா போட்டிருக்கு விது? ஒனக்குத் தெரியுதா?”

“தெரியலப்பா.”

“அப்ப இங்கயே இருப்போம்.”

வாங்கு ஈரமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். மகள் உட்கார்ந்ததும் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, மடியைத் தடவிச் சுண்ணாம்பு டப்பியை எடுத்தார்.

“கால நீட்டு. அட்டை இருக்கான்னு பாப்போம்.”

கொங்கிரீட் படியில் அட்டை ஏறாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். விதுஷா செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.